நின்ற பின்னும் நெடுந்தூரம்

நெஞ்சில் தொடங்கி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். குப்பென்று வேர்க்கும், ரவிக்கை நனைந்துவிடும். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எல்லாம் அடங்கி, மின்விசிறியைக் கூட்டச் சொன்ன அதே பெண் குளிர்கிறது என்று போர்வையைத் தேடுவார். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் பலருக்கு இது பழகிப்போன கதை. "உனக்குச் சூட்டு உடம்பு" என்று யாராவது மோரைக் கையில் கொடுப்பார்கள். மோர் நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய மாறாமல்தான் இருக்கும். உடம்பு கொதிப்பதாக மூளை தவறாகக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு நடக்கும் இடம் ஹைப்போதலாமஸ். உள்வெப்பம் சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கினாலும் அது பொதுவாகக் கண்டுகொள்ளாது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வெக்கைத் தொல்லை உள்ள பெண்களுக்கு இந்தச் சலுகை ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. ஒரு டம்ளர் காபி, ஒரு கோபம், ஒரு மாடிப்படி போதும். மூளை ஆபத்து என்று முடிவுகட்டி, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து வேர்வையைக் கொட்டுகிறது.

ஏன் இப்படி? துப்பு கிடைத்தது பிணப் பரிசோதனை மேசையில். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்த நவோமி ரான்ஸ், இறந்த பெண்களின் மூளைகளைப் பார்த்து வந்தவர். மாதவிடாய் நின்றவர்களின் ஹைப்போதலாமஸில் ஒரு குறிப்பிட்ட கூட்ட நரம்பணுக்கள் மட்டும் பருத்துக் கிடப்பதை 1990-களின் தொடக்கத்தில் கண்டார். நியூரோகைனின்-பி என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் அவை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அடங்கியிருக்கும்; அது குறைந்ததும் கட்டவிழ்ந்து, பக்கத்திலேயே இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சீண்டுகின்றன. அந்தச் சமிக்ஞையை மறித்தால் வெக்கை அடங்குமா என்ற கேள்வி மருந்தாக மாற முப்பது ஆண்டு ஆனது. ஹார்மோன் அல்லாத ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி கிடைத்தது. கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே தர வேண்டிய மருந்து என்ற கடும் எச்சரிக்கை அடுத்த ஆண்டே அதன் மேல் ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, கர்ப்பப்பைச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி மூளையில் நடக்கிறது. பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வது, எதை எடுக்க அடுக்களைக்கு வந்தோம் என்று மறந்து நிற்பது, காரணமே இல்லாமல் சுள்ளென்று விழுவது எல்லாம் இந்தக் காலத்தில் சகஜம். மறதி பெரும்பாலும் தற்காலிகமானது. "எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ" என்று தனக்குள்ளேயே பயந்துகொண்டிருக்கும் பெண்களிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

சினைப்பையின் கணக்கு வேறு மாதிரி. தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே ஒரு பெண்ணிடம் 60, 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். இவற்றில் மாதந்தோறும் முதிர்ந்து வெளியேறுபவை ஆயுள் முழுவதும் சேர்த்து 400, 500-தான்; மற்றவை சத்தமில்லாமல் அழிந்துவிடும். மிச்சம் ஆயிரத்தைத் தொடும்போது சுழற்சி நிற்கிறது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் ஒன்றும் வராமல் போனால்தான் மருத்துவம் அதை மெனோபாஸ் என்று ஒப்புக்கொள்ளும். மேற்கு நாடுகளில் சராசரி 51 வயது; இந்திய ஆய்வுகளில் 46-ஐ ஒட்டி வருகிறது.

தொல்லை அதிகம் தருவது நின்ற பிறகான காலத்தைவிட நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள். ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறையாது. ஒரு மாதம் எகிறும், மறுமாதம் சரியும். 20 நாளில் வரும், பிறகு 50 நாள் வராது, வந்தால் கொட்டித் தீர்க்கும். இப்படி ஏறி இறங்குவதால்தான், 45-ஐத் தாண்டிய ஆரோக்கியமான பெண்ணுக்கு அறிகுறிகளை வைத்தே மருத்துவர் முடிவு செய்யலாம், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்ப்பது வேறு விஷயம். அவற்றின் கோளாறுகள் இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே அனுபவம் இல்லை. 1996-இல் தொடங்கி 3,302 பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வில், வெக்கைத் தொல்லை நீடித்த இடைநிலைக் காலம் 7.4 ஆண்டு. கறுப்பினப் பெண்களுக்கு 10 ஆண்டு, ஜப்பானிய வம்சாவளிப் பெண்களுக்கு 5 ஆண்டுக்கும் குறைவு. மரபணு, உடல் எடை, வறுமை, மன அழுத்தம் என எல்லாமே கலந்த வித்தியாசம் இது. 1975-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்ஷா ஃப்ளின்ட் என்ற மானுடவியலாளர் ராஜபுத்திரப் பெண்கள் 483 பேரிடம் கேட்டபோது, மாதவிடாய் நின்றதைத் தவிர வேறு தொல்லை இருந்ததாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அதுவரை முக்காடும் அந்தப்புரமுமாக இருந்தவர்கள், நின்ற பிறகு ஆண்கள் கூடும் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்து பேச முடிந்தது. உடம்பின் மாற்றம் அவர்களுக்கு ஒரு விடுதலையோடு சேர்ந்து வந்தது என்பது ஃப்ளின்ட்டின் விளக்கம். அது மிகை என்று சொல்வோரும் உண்டு. பின்னாளைய இந்திய ஆய்வுகளில் மூட்டுவலியும் அசதியும் நிறையவே பதிவாகியுள்ளன. ஆனால் அந்தஸ்து கூடினால் உபாதை குறைவாகத் தெரியும் என்ற யோசனையை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டும் உளுந்தங்களியும், பிள்ளை உண்டானால் வளைகாப்பும் உண்டு. நின்றால் ஒன்றும் இல்லை. மிஞ்சிப் போனால், 10 முதல் 50 வயது வரையிலான பெண்களை விலக்கி வைக்கும் வழக்கமுள்ள சபரிமலைக்கு இனி மாலை போட்டுக்கொள்ளலாம் என்ற சலுகை. தாயாகும் பருவம் முடிந்ததும் ஒரு பெண்ணை என்னவென்று அழைப்பது என்று சமூகத்துக்கே தெரியவில்லை போலும்.

பரிணாமவியலுக்கும் இது நெடுநாள் புதிர்தான். குட்டி போடும் காலம் முடிந்தும் நீண்ட காலம் வாழும் பெண்ணினங்கள் உலகில் மிகக் குறைவு. பல் திமிங்கிலங்களில் ஐந்து இனங்கள், உகாண்டாவின் ங்கோகோ காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டம், பிறகு நாம். ஓர்க்கா திமிங்கிலப் பெண் 40 வயதுக்குள் ஈனுவதை நிறுத்திவிடும். ஆனால் 60-ஐத் தாண்டி, சில 80 வரைக்கும் வாழும். கனடாவை ஒட்டிய பசிபிக் கடலில் 1970-களிலிருந்து ஒவ்வொரு ஓர்க்காவையும் முதுகுத் துடுப்பை வைத்து அடையாளம் கண்டு குறித்து வருகிறார்கள். அந்தக் குறிப்புகளை அலசியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: தாய் இறந்த மறு ஆண்டில், 30 வயதைத் தாண்டிய மகன் இறந்துபோகும் வாய்ப்பு 14 மடங்கு கூடுகிறது. நன்றாக வளர்ந்த, டன் கணக்கில் எடையுள்ள மகன்! சால்மன் மீன் வரத்து குறையும் ஆண்டுகளில் கூட்டத்தின் முன்னால் நீந்துவதும் மூத்த பெண்கள்தான். மீன் எங்கே கிடைக்கும் என்ற பழைய நினைவு அவற்றிடம் இருக்கிறது. தான்சானியாவின் ஹாட்சா மக்களிடம் மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் கண்டதும் இதை ஒட்டியதே. கைக்குழந்தையோடு தாய் முடங்கும்போது மூத்த பிள்ளைகளின் எடையைத் தாங்கிப்பிடித்தது, மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுத்துவந்த பாட்டிகளின் உழைப்பு.

2024-இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் திமிங்கில இனங்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. மெனோபாஸ் உள்ள இனங்களில் ஈனும் காலம் குறுகவில்லை. அதே உருவமுள்ள பிற இனங்களைவிட ஆயுள்தான் சுமார் 40 ஆண்டு நீண்டிருக்கிறது. அதாவது சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துபோகவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வாழ்நாள் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

மருத்துவத்தின் போக்கு இதற்கு நேரெதிர். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் 1942-இல் விற்பனைக்கு வந்தது. மெனோபாஸை ஒரு குறைபாட்டு நோயாகவே வர்ணித்து, ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் என்றும் பெண்மை என்று ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் 1966-இல் புத்தகமே எழுதினார். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தந்தால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வரும் என்று 1975-இல் தெரிந்ததும் புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிறகு வந்தது 2002 ஜூலை. 16,608 பெண்களைக் கொண்டு நடந்துவந்த உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் இந்தக் கூட்டு மருந்துப் பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று செய்திகள் அலறின. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். அந்த 26 சதவீதத்தை ஆளாகப் பிரித்துச் சொன்னவர்கள் குறைவு: 10,000 பெண்களுக்கு ஓர் ஆண்டில் 30 பேருக்கு வரக்கூடியது 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21-இலிருந்து 29 ஆனது. இடுப்பெலும்பு முறிவோ 15-இலிருந்து 10-ஆகக் குறைந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பெண்களின் சராசரி வயது 63. வெக்கையில் வேகும் 48 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இன்றைய நிலைப்பாடு நிதானமானது. 60 வயதுக்குள்ளோ நின்று பத்து ஆண்டுக்குள்ளோ இருப்பவர்கள், தொல்லை கடுமையாக இருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அபாயத்தைவிட நன்மை அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது ஆகாது. மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்சிலும் தடவும் ஜெல்லிலும் ரத்தக்கட்டு அபாயம் குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் இந்த மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்குவதாக அறிவித்தது. நான் அவ்வளவு துள்ளிக் குதிக்க மாட்டேன். 23 ஆண்டு மிரட்டியது போதும் என்று மட்டும் சொல்வேன்.

அங்கே மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது விவாதம். இங்கே கதை கத்தியில் முடிகிறது. 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திராவில் 9 சதவீதத்தை ஒட்டி. எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 34 வயதுக்குள். மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் 82,309 பேரிடம் அரசுக் குழு 2019-இல் விசாரித்தபோது 13,861 பேருக்கு எடுத்தாகிவிட்டது தெரிந்தது. அங்கே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே அரிவாளாகக் கணக்கு. வேலைக்கு வராத நாளுக்கு அபராதம். மாதம் மூன்று நாள் வலியோடு கரும்புக் காட்டில் நிற்பதற்கு, அதை எடுத்துவிடுவது மேல் என்று தோன்றவைக்கும் ஏற்பாடு.

"பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?" பீடில் மட்டும் கேட்கும் வாசகமல்ல இது, தமிழ்நாட்டிலும் உறவுக்காரர் வாயிலிருந்தும் மருத்துவர் வாயிலிருந்தும் கேட்கலாம். அதோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெனோபாஸ் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வராது, அறுவை முடிந்த அன்றே வந்துவிடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சில ஆண்டு முன்னதாகவே ஓய்ந்துபோவது உண்டு. மேயோ கிளினிக்கின் வால்டர் ரோக்கா குழுவினர் 2007-இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், இயல்பாக நிற்பதற்கு முன்பே சினைப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு நினைவுத்திறன் குறையும் அபாயம் கூடியிருந்தது. எடுத்த வயது எவ்வளவு இளமையோ அவ்வளவு அதிகம். ஐம்பது வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த அபாயம் தென்படவில்லை. 34 வயதில் அறுவை செய்துகொண்டு கட்டுத் துணியோடு பேருந்தேறும் பெண்ணிடம் இதை யார் சொல்கிறார்கள்?

எலும்பும் இந்தக் கணக்கில் வரும். கடைசி மாதவிடாயைச் சுற்றிய பத்தாண்டில் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் இறங்குவதை ஸ்வான் ஆய்வு அளந்தது. பளு தூக்குவது, வேக நடை, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஐம்பதுக்குப் பிறகு ஆரம்பிப்பதைவிட நாற்பதிலேயே ஆரம்பிப்பது நல்லது.

கொட்டித் தீர்க்கும் உதிரப்போக்குக்கு வழி இல்லாமல் இல்லை. டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் பூசிய கருப்பைச் சாதனம் இருக்கிறது. ஒருமுறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ளலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: "சினைப்பையையும் எடுக்கறீங்களா டாக்டர்? எதனால?" புற்றுநோய், பரம்பரை அபாயம் போன்ற சரியான காரணம் இருந்தால் அவர் சொல்வார்.

தள்ளிப்போடவே கூடாதது ஒன்று. நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்படி வருபவர்களில் பத்துக்கு ஒருவர் அளவில் கருப்பைப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஒரு ஸ்கேனும் சிறிய திசுப் பரிசோதனையும் விஷயத்தைச் சொல்லிவிடும். சூட்டினால் வந்தது என்று வெந்தயத்தை ஊறவைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதுவல்ல.