மரத்தை வரைகிற மரம்

19ஆம் நூற்றாண்டுப் பென்சில் நிலக்காட்சி ஒன்றில் மரங்களை உற்றுப் பாருங்கள். முழு இலை ஒன்றுகூட இருக்காது! வெறும் வளைவுக் கீறல்கள். நம் கண்தான் அவற்றை இலைகளாக்கிக்கொள்கிறது. எந்த மரத்துக்கு எந்தக் கீறல் என்பதை விளக்கவே ஜே.டி. ஹார்டிங் என்ற ஆங்கில ஓவியர் 1850இல் தனி நூல் வெளியிட்டார்.

அதே நூற்றாண்டில் பினாங்கில், ஜெலுத்தோங் என்ற ஊரை அடுத்த குளுகோரின் பங்களாவையும் வாசனைப் பயிர்த் தோட்டங்களையும் கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டினார்; அந்தக் காட்சி 1821இல் லண்டனில் அச்சுப்படமாக வந்தது. அக்காலத்தில் வெட்டவெளியில் வரைந்தவர்களுக்குப் பென்சில் பெரும் வசதி. மை கொட்டாது, ஈரம் காயக் காத்திருக்க வேண்டாம்.

பென்சிலின் கறுப்பு காரீயமல்ல, கிராஃபைட். அதாவது தூய கரிமம். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் சுமார் 30 லட்சம் அணு அடுக்குகள்! ஒவ்வோர் அடுக்கும் தனக்குள் மிக உறுதியானது. அடுத்த அடுக்கோடு மட்டும் லேசாக ஒட்டியிருக்கும். அதனால் வெற்றிலைக் கட்டு சரிவதுபோல் அடுக்குகள் வழுக்கி, தாளின் நார்மேடுகளில் தங்குகின்றன. கரிமம் வெளிச்சத்தில் வெளுக்காது. இருநூறு ஆண்டு பழைய கோடும் கறுப்பாகவே நிற்கிறது.

1795இல் பிரான்சின் நிக்கோலா கோந்தே கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டார். பிரிட்டனோடு போர், அங்கிருந்து நல்ல கிராஃபைட் வரவில்லை. தட்டுப்பாடு எவ்வளவு அழகான வழியைக் காட்டியிருக்கிறது! களிமண் கூடினால் கோடு வெளிறும்: தொலைவிலுள்ள மலைமரங்களுக்கு அது. குறைந்தால் கறுக்கும்: அருகிலுள்ள அடிமரத்துக்கு இது.

தவறான கோட்டை அழிக்க முதலில் ரொட்டித் துணுக்குதான். ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கும் என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்துவைத்தார். அப்போது ரப்பர் தென்னமெரிக்கச் சரக்கு. பினாங்குக் காட்டிலும் ரப்பர்ப் பால் வடிக்கும் ஒரு கொடி இருப்பதை மருத்துவர் ஜேம்ஸ் ஹோவிசன் விவரித்தார். 1798இல் அது கல்கத்தாவில் அச்சேறியது. வில்லியம் ராக்ஸ்பர்க் அதற்கு உர்சியோலா எலாஸ்டிகா என்று பெயர் வைத்தார்.

இனி பென்சிலின் உடல். 19ஆம் நூற்றாண்டில் அதற்குச் சீடார் வகைக் கட்டைகளே பேர்போனவை. பிற்பாடு அந்த வேலைக்கு வந்தவற்றில் ஒன்று ஜெலுத்தோங் மரம். பினாங்கின் ஜெலுத்தோங் ஊருக்குப் பெயர் தந்த அதே மரம். 60 மீட்டர் வரை, பினாங்கிலுள்ள கொம்தார் கோபுரத்தில் கால்வாசி உயரத்துக்கு வளரும். கட்டை மென்மை, இழை நேர். சீவினால் பிசிறின்றிச் சுருள் சுருளாக வரும். அதன் பால் சூயிங்கத்துக்குப் போனது.

பென்சிலுக்குக் கட்டை தரும் இந்த மரமும், ரப்பர்ப் பால் தரும் அந்தக் கொடியும் தாவரவியலில் ஒரே குடும்பம். நம் வாசல் அரளியும் அதில்தான் சேர்த்தி.