எழ மறுக்கும் மடிக்கணினி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் காலை என் பழைய மடிக்கணினி எழ மறுத்தது. கருந்திரையில் வெண்ணிற எழுத்துகளில் ஒரு வரி தோன்றியது. அதற்குமேல் அஃது அசையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிற்றூர்தோறும் சென்று யான் தொகுத்த வட்டாரச் சொற்கள் அதனுள் இருந்தன. அவற்றிற்கு வேறு படி என்னிடம் இல்லை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் ஒருமுறை நோக்கிவிட்டு, "உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், ஐயா" என்றார். யான் உடன்படாது வீடு திரும்பினேன். பின்னர் நிகழ்ந்ததை இறுதியில் கூறுவேன். முதற்கண் கணினி எழும் முறையை அறிவோம்.

மாணவர்களே! கணினியை இயக்கும் ஆணைத் தொகுதி இயங்குதளம் எனப்படும். அது, மின்சாரம் நின்றாலும் அழியாத சேமிப்பகத்தில் தங்கியிருக்கின்றது. கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகமோ, மின்சாரம் நின்றவுடன் வெறுமையாகிவிடும். ஆதலின், ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தைச் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்குக் கொணர்தல் வேண்டும். அதனைக் கொணர்வதற்கும் ஆணைகள் வேண்டுமன்றோ? அவ்வாணைகளைக் கொணர்வது யாது? இம்முடிச்சை அவிழ்ப்பதற்காகவே தொடக்க ஆணைகள் ஒரு சிறு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. கணினி எழுவதை ஆங்கிலத்தில் 'பூட்' என்பர். காலணியின் வாரைக் குறிக்கும் 'பூட்ஸ்டிராப்' என்னும் சொல்லின் குறுக்கம் அது. தன் காலணி வாரைத் தானே பற்றியிழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்ற செயல் என்பது கருத்து.

கணினி எழுவதில் நான்கு படிகள் உள்ளன. மின்சாரம் பாய்தல் முதற்படி. உறுப்புகளைத் தானே சோதித்தல் இரண்டாம் படி. இயங்குதளம் இருக்குமிடத்தைத் தேடுதல் மூன்றாம் படி. இயங்குதளம் எழுதல் நான்காம் படி. எந்தப் படியில் நின்றது என்று கண்டால், பழுது எங்கே என்பது பெரும்பாலும் விளங்கும்.

விளக்கு எதுவும் எரியவில்லையாயின், குறை முதற்படியில் உள்ளது. சுவரிலுள்ள மின்செருகியையும், சார்ஜர் எனப்படும் மின்னேற்றியையும் முதலில் நோக்குக. மின்னேற்றியை நீக்கி, பேட்டரி கழற்றத்தக்கதாயின் அதனையும் கழற்றி, திறக்கும் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்தபின், மின்னேற்றியை மட்டும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சி நின்ற மின்னேற்றம் நீங்கியதால் உயிர்பெறும் கணினிகள் பல. பேட்டரி உப்பியிருப்பின் அதனை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது.

விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், வேறொரு திரையை இணைத்துப் பார்க்கலாம். அதில் காட்சி தோன்றினால், குறை மடிக்கணினியின் திரைப் பகுதியில் உள்ளது எனலாம். நினைவகச் சில்லு தளர்ந்திருப்பினும் திரை இருளும். சில கணினிகள் தம் குறையை ஒலியாலும் விளக்கின் இமைப்பாலும் உணர்த்தும். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி, சோதனை குறைவின்றி முடிந்ததும் ஒரே ஒரு சிற்றொலி எழுப்பும். ஒலி மாறினால் குறை உண்டு என்று அறிவர்.

நிறுவனத்தின் பெயர் தோன்றி, இயங்குதளம் காணப்படவில்லை என்னும் செய்தி வந்தால், மூன்றாம் படியில் நின்றதாகக் கொள்க. செருகியுள்ள பொருள்கள் யாவற்றையும் நீக்கித் தொடங்குதல் வேண்டும். பின்னர், தொடக்க அமைப்புப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் உள்ளதா என்று நோக்குக. பெயரே இல்லையெனில் அது தளர்ந்தோ பழுதுற்றோ இருத்தல் கூடும். அதிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுமாயின், உடனே நிறுத்தி வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

விண்டோஸ் தோன்றியபின் நின்றால், குறை நான்காம் படியினது. மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு இயங்கும் 'சேஃப் மோடு' என்னும் நிலையில் தொடங்கி, அண்மையில் சேர்த்ததை நீக்கிப் பார்க்கலாம். அப்பொழுதும் எழாவிடின், பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு கணினியைத் திறந்து, கோப்புகளைப் படியெடுக்க முயலலாம். அழித்து ஏற்றுதல் அதன் பின்னரே.

எளியதை முன்னும் அரியதை பின்னும் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. மீட்கவொண்ணாத செயலை எல்லாவற்றிற்கும் இறுதியில் வைக்க.

இனி, என் கணினியின் கதைக்கு வருவோம். அதன் பக்கவாட்டில் நகத்தளவேயான பென் டிரைவ் ஒன்று செருகப்பட்டிருந்தது. அதனுள் இல்லாத இயங்குதளத்தைத் தேடிக் கணினி திகைத்து நின்றது. அதனைப் பிடுங்கினேன், கணினி எழுந்தது. ஒரு சொல்லும் அழியவில்லை. அன்று மாலையே அச்சொற்கள் அனைத்தையும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறோர் இல்லத்தில் வைத்தேன். கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே நீவிரும் அவ்வாறு செய்க.