கால்சட்டை போட்ட கொள்ளைக்காரிகள்

1720 அக்டோபரில், ஜமைக்காவின் மேற்குக் கரையோரம் ஜான் ராக்கமின் கொள்ளைக் கப்பல் பிடிபட்டது. சிக்கியவர்களில் இருவர் பெண்கள்: ஆன் பானி, மேரி ரீட்.

அவர்களை மிக அருகில் பார்த்தவர் டாரதி தாமஸ். படகில் சாமான்களோடு போன அவரை அந்தக் கூட்டம் வழிமறித்துக் கொள்ளையடித்தது. அவர் நீதிமன்றத்தில் சொன்னது: இருவரும் ஆண்களின் மேற்சட்டையும் நீளக் கால்சட்டையும் அணிந்திருந்தார்கள்; தலையில் கைக்குட்டை கட்டி, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். மார்பைப் பார்த்தே பெண்கள் என்று தெரிந்ததாம். பின்னால் சாட்சி சொல்ல வந்துவிடுவாள், கொன்றுபோடுங்கள் என்று ஆண்களை ஏவியதும் இவர்கள்தான். பயந்தபடியே அவர் வந்தார், சொன்னார்.

ஆண் வேடத்தில் கப்பலில் ஒளிந்திருந்தார்கள் என்பது கதைகளுக்குப் பிடித்த திருப்பம். சாட்சியம் அதற்கு இடம் தரவில்லை. சண்டை வந்தால் ஆணுடை, மற்ற நேரம் பெண்ணுடை என்றே வேறு சாட்சிகள் கூறினர்.

கதைக்கு வித்திட்டது, 'கேப்டன் சார்லஸ் ஜான்சன்' என்ற பெயரில் 1724இல் லண்டனில் வெளியான கொள்ளையர் வரலாற்று நூல். இருவருக்கும் அது தந்த இளமைப் பருவம் நாவலைப் போலச் சுவையானது. அந்த அளவுக்கே நம்பத்தக்கது. 2014இல் தொடங்கிய 'பிளாக் செயில்ஸ்' தொலைக்காட்சித் தொடர்வரை ஆன் பானி இன்னும் கத்தியை உறையில் போடவில்லை.

பிடிபட்ட அதே ஆண்டு நவம்பர் 28 அன்று இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கர்ப்பமாக இருப்பதாக இருவரும் சொல்ல, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மேரி ரீட் 1721இல் சிறையிலேயே இறந்தார்.