ஊசிக்கு முன்னால் ஒரு தக்ளி

2021 ஜூலை 26. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடையிலிருந்து ஜோடியாகக் குதிக்கும் போட்டியில் தங்கம் வென்றார் பிரிட்டன் வீரர் டாம் டேலி. சில நாள்கள் கழித்து அதே அரங்கின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, பெண்கள் குதிப்பதைப் பார்த்தபடியே கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. பதக்கத்தில் கீறல் விழாமலிருக்க அவரே ஓர் உறை பின்னியிருந்தார். ஒரு பக்கம் பிரிட்டன் கொடி, மறுபக்கம் ஜப்பான் கொடி. 2020-ல் ஊரடங்கு வந்தபோது பழகிய கைவேலை அது.

பின்னல் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் ஒரு ஸ்கார்ஃப், பிறகு குல்லாய், கைக்குழந்தைக்குக் காலுறை, கடைசியில் ஸ்வெட்டர். அதற்குள் அலமாரி நிறைய நூல்கண்டுகள் சேர்ந்துவிடும். அவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் வேறொரு கேள்வி எழுகிறது. ஒரு நூல் சொரசொரவென்று இருக்கிறது, ஒன்று பட்டுப்போல வழுக்குகிறது, ஒன்று இரண்டே சலவையில் உருண்டை உருண்டையாகக் கிளம்புகிறது, ஏன்? பதில் கண்டின் மேல் ஒட்டிய சீட்டில் கிடையாது. அதைத் தேடிப் போகிறவர் வீட்டுக்கு ஒரு தக்ளி வந்துசேர்கிறது.

தக்ளி நமக்குப் புதிதல்ல. காந்தி வழியில் ஆதாரக் கல்வி நடந்த பள்ளிகளில் பித்தளை வில்லை கோத்த மெல்லிய கம்பியைச் சுழற்றிப் பருத்தி நூற்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களில் நூல் நூற்கும் தக்ளிகளும் உண்டு. கம்பளிக்கான தக்ளி சற்றுப் பெரியது: ஒரு சாண் நீளக் குச்சி, அதில் ஒரு மரவட்டு, நுனியில் நூலை மாட்ட ஒரு கொக்கி. எடை 30 முதல் 40 கிராம். இரண்டாயிரம் ஆண்டுகளில் இதன் அமைப்பில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை.

வேலை இப்படி நடக்கும். சீவிய கம்பளித் திரி இடக்கையில். தக்ளியில் ஏற்கெனவே கட்டிய நூலோடு திரியின் நுனியைச் சேர்த்துப் பிடித்து, குச்சியை விரலால் சுண்டிவிட வேண்டும். அது அந்தரத்தில் சுழலும். சுழற்சி நூல் வழியே முறுக்காக மேலேறும். ஏறும் முறுக்கை வலக்கை விரல்கள் தடுத்து நிறுத்த, இடக்கை ரோமங்களை மெல்ல இழுத்து மெலிய வைக்கும். பிறகு வலக்கை விரல்கள் தளர்ந்தால் மெலிந்த இடத்துக்குள் முறுக்கு பாய்ந்து, கண்ணெதிரே நூலாகிவிடும். இழுத்தது போதாவிட்டால் நூல் தடித்துக் கயிறாகும். அதிகமானால் ரோமங்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி, தக்ளி டொக்கென்று தரையில் விழும். ஆரம்பத்தில் அது விழுந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கற்றுத்தருகிறவர்கள் ஓர் உபாயம் சொல்வார்கள்: சுழற்று, முறுக்கைச் சேமி, தக்ளியைத் தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொள், அப்புறம் நிதானமாக இழு. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யத் திணறும் கைக்கு இது பெரிய ஆறுதல்.

எந்த ரோமத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். பெயர் பெற்ற மெரினோ மெல்லியது, வழுக்கக்கூடியது. புதியவர் கையில் நிற்காது. நியூசிலாந்தில் உருவான காரிடேல் இனத்தின் ரோமம் நீளமும் பிடிமானமும் கொண்டது. பழகுவதற்கு அதுவே நல்லது.

நூற்ற ஒற்றை இழையை அப்படியே பின்னலாமா என்றால், பின்னலாம். ஆனால் துணி கோணும். திருப்பூர் டி-ஷர்ட் அணிகிற எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். நாலைந்து சலவைக்குப் பிறகு பக்கவாட்டுத் தையல் மெல்ல வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். தைத்தவரைக் குறை சொல்வோம். பெரும்பாலும் தவறு தையலில் இல்லை. ஒற்றை இழை நூலில் அடங்கிக் கிடக்கும் முறுக்கு, தண்ணீர் பட்டதும் தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது. அதோடு சேர்ந்து கண்ணிகளும் சாய்கின்றன. வீட்டில் நூற்பவர் இதற்குச் செய்வது, இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவது. வலப்பக்கம் ஏறிய முறுக்கை இடப்பக்க முறுக்கு சமன்செய்ய, இருபுரி நூல் அமைதியாகத் தொங்கும். பிறகு சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, நிழலில் உலர்த்தினால் முறுக்கு அப்படியே படிந்துவிடும். ஒரு புத்தகம் முழுக்கப் படித்தாலும் தெளியாத விஷயம் இது. விரலுக்கு ஒரு மாலையில் புரிகிறது.

நூலைப் போலவே கண்ணியும் கைக்கும் இயந்திரத்துக்கும் பொதுவானது. திருப்பூர் பனியனின் உள்ளும் புறமும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். முன்பக்கம் சின்னச் சின்ன ‘வி’ வடிவங்களின் வரிசை. பின்பக்கம் மேடுமேடாய்ப் படிந்த வளைவுகள். கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர் நிட், பர்ல் என்று சொல்வது இவற்றைத்தான். 1589-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தபோது, கையின் கண்ணியைத்தான் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்.

சொந்த நூல் கைக்கு வந்ததும் இன்னொரு சிக்கல் எழும். புத்தகத்தில் உள்ள அளவுகள் கடைநூலுக்கு எழுதியவை. வீட்டு நூலின் தடிமன் அதோடு ஒத்துப்போகாது. இங்கேதான் எலிசபெத் ஜிம்மர்மேனை நன்றியோடு நினைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1910-ல் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த இந்தப் பெண்மணி, மற்றவர் எழுதிய அளவுக்குக் கட்டுப்பட்டுப் பின்னும் பழக்கத்தையே உடைத்தார். அவர் கணக்கு எளிமையானது. முதலில் ஒரு சதுரத் துண்டு மாதிரிக்குப் பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். ஐந்து கண்ணி, மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்றால் உடம்புக்கு 200 கண்ணி. அதுதான் நூறு சதவீதம். மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 40 கண்ணி. கழுத்துக்கு 40 சதவீதம், 80 கண்ணி. நூல் எந்தத் தடிமனில் இருந்தாலும் கணக்கு பொய்க்காது. வீட்டில் நூற்பவருக்கு இதைவிட உதவியான பாடம் வேறில்லை.

ஆர்வம் இன்னும் முற்றியவர்கள் ஆட்டிலிருந்து கழித்த ரோமத்தையே வாங்குகிறார்கள். விரித்துப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு, புல், புழுதி, வியர்வை உப்பு. மெரினோவைக் கழுவினால் எடையில் பாதிவரைகூடக் குறையும். சுடுநீரில் சோப்பு கரைத்து ரோமத்தை மெதுவாக அமிழ்த்தி வைக்க வேண்டும். கசக்கவோ அலசவோ கூடாது. ஒவ்வொரு ரோமத்திலும் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டோடு அசைவும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்வி, மொத்தமும் பிரிக்கவே முடியாத கெட்டிக் கம்பளமாகிவிடும். உலர்ந்தபின் கம்பிப்பல் பதித்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே கோதினால்தான் திரி கிடைக்கும். ஒரு ஸ்வெட்டருக்கு ஆயிரம் மீட்டர் மூன்றுபுரி நூல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நூற்க வேண்டிய ஒற்றை இழை மூவாயிரம் மீட்டர். அதன் பிறகுதான் ஊசிக்கு வேலை.

இந்த உழைப்பு ஒரு காலத்தில் பொழுதுபோக்காக இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், எரிபொருளாகும் கரிமண்ணைக் கூடையில் முதுகில் சுமந்து நடக்கும்போதும் பெண்கள் பின்னிக்கொண்டே போவார்கள். இடுப்பில் தோல்பட்டை, அதன் துளையில் வலது ஊசியைச் செருகிக்கொண்டால் கை சற்று விடுபடும். அங்கே அன்ஸ்ட் தீவில், ஆட்டின் கழுத்துப் பகுதி ரோமத்தை முடிக்கு நிகராக மெலிதாய் நூற்றுப் பின்னிய சால்வைகள் திருமண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக் கூடியவை. 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவுக்கும் ஷெட்லாந்திலிருந்து ஸ்வெட்டர்கள் போயின. ஆனால் அந்தச் சால்வைகளைப் பின்னிய பெண்கள் பலருக்கு வியாபாரிகள் காசு கொடுக்கவில்லை. தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். 1872-ல் பிரிட்டிஷ் அரசு நியமித்த விசாரணையில் அந்தப் பெண்களே இதைச் சொன்னார்கள். அவ்வளவு நுட்பமான கைகளுக்கு நேர்ந்த அநியாயம் இது. அருங்காட்சியகத்தில் அந்தச் சால்வையைப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, ஒரு நெசவாளியின் தறிக்கு நூல் கொடுக்கப் பல பேர் உட்கார்ந்து நூற்க வேண்டியிருந்தது. 1764 வாக்கில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே நேரத்தில் பல இழைகளை நூற்கும் பொறியை உண்டாக்கியதற்கு இந்தத் தட்டுப்பாடுதான் பின்னணி. ஆலைகள் பெருகின; வீட்டு ராட்டை ஓய்ந்தது. ஓய்ந்ததை உயிர்ப்பித்ததில் பொழுதுபோக்குக்காக நூற்றவர்களின் பங்கு பெரிது. நியூசிலாந்தில் 1934-ல் வால்டர் ஆஷ்ஃபோர்ட் தொடங்கிய நிறுவனம் இன்றும் கால்மிதி ராட்டைகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. பருத்தி நூற்க விரும்பும் மேலைநாட்டவர் தேடி வாங்குவதோ, எரவாடா சிறையில் காந்தி செம்மைப்படுத்திய பெட்டி ராட்டையின் வழியில் வந்த, புத்தக அளவுக்கு மடக்கக்கூடிய இந்திய ராட்டையை. ஆண்டுதோறும் ஜூலையில் பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயம் நடக்கும் நாள்களில், வீரர்கள் சக்கரம் மிதிக்க மிதிக்கத் தாங்களும் நாள்தோறும் நூற்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள் பல நாட்டு நூற்பாளர்கள்.

தமிழ்நாட்டில் கம்பளிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நீலகிரிக்கென்றே மெல்லிய ரோமம் தரும் ஓர் ஆட்டினம் இருக்கிறது. அதைப் பாதுகாக்க உதகை அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோன இனம். கைநூற்பில் ஆர்வமுள்ளவர்கள் அந்த ரோமத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கினால், ஆட்டுக்கும் அதை மேய்ப்பவருக்கும் நல்லது.

தொடங்க நினைப்பவர்கள் உடனே ராட்டை வாங்க வேண்டாம். ஒரு தக்ளி, 100 கிராம் சீவிய கம்பளி, தினம் கால் மணி நேரம் போதும். முதலில் வரும் நூல் தடிப்பும் மெலிவுமாகத்தான் இருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். இருபுரியாக முறுக்கி, தடித்த ஊசியில் ஒரு குல்லாய் பின்னுங்கள். கை தேறிய பிறகு அந்த மாதிரி நூலை வேண்டுமென்றே நூற்க நினைத்தாலும் வராது.