குடிமக்களை மீட்பது அரசின் கருணையா, கடமையா?

வேற்று நாட்டில் குற்றமின்றிச் சிறைப்படும் குடிமக்களை மீட்டு வருவது அவர்களுடைய அரசின் சட்டப்படியான கடமை என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஆனால் பன்னாட்டுச் சட்டம் அந்தக் கடமையை எந்த அரசின்மீதும் சுமத்தவில்லை. அரசு விரும்பினால் தலையிடலாம், விரும்பாவிட்டால் விலகியிருக்கலாம் என்பதே இன்றுவரை நிலவும் நெறி. இந்த நெறி ஒரு குடும்பத்தை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை, 2016 முதல் 2022 வரை ஈரானில் தடுத்துவைக்கப்பட்டிருந்த பிரிட்டன் குடிமகள் நாசனீன் ஸகாரி-ராட்கிளிஃபின் வழக்கு தெளிவாக உணர்த்துகிறது.

ஈரானில் பிறந்து பிரிட்டன் குடியுரிமையும் பெற்ற நாசனீன், தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையில் பணியாற்றிவந்தார். ஈரானியப் புத்தாண்டான நவ்ரோஸைப் பெற்றோருடன் கொண்டாடுவதற்காக, இரண்டு வயது நிரம்பாத மகளுடன் சென்றிருந்த அவர், லண்டன் திரும்பும்பொழுது 2016 ஏப்ரல் 3 அன்று தெஹ்ரான் விமான நிலையத்தில் ஈரானின் புரட்சிக் காவல் படையினரால் கைதுசெய்யப்பட்டார். குழந்தையின் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் அது தாத்தா பாட்டியின் பராமரிப்பில் ஈரானிலேயே தங்க நேர்ந்தது. நாசனீனோ முதலில் தனிமைச் சிறையிலும் பின்னர் தெஹ்ரானின் எவின் சிறையிலும் அடைக்கப்பட்டார். அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கூறி அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரும் அவர் பணியாற்றிய நிறுவனமும் இக்குற்றச்சாட்டை முற்றிலும் மறுத்தனர். அந்தத் தடுப்புக்காவல் சட்டநெறிக்குப் புறம்பானது என்றும், அவரை உடனே விடுவிக்க வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் தடுப்புக்காவல் பணிக்குழு 2016-லேயே கருத்துரைத்தது.

இத்தகைய வேளைகளில் குடிமக்களுக்கு முதலில் துணைநிற்க வேண்டியது 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். தூதரகங்கள் தம் குடிமக்களுக்கு ஆற்றும் பணிகளை வரையறுக்கும் இந்த ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவின்படி, கைதான அயல்நாட்டவருக்குத் தம் தூதரகத்தின் உதவியை நாடும் உரிமை உண்டு என்பதைக் காலந்தாழ்த்தாமல் அறிவிக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். தூதரக அலுவலர்கள் அவரைச் சிறையில் சந்திக்கவும் அவருக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யவும் வழிவிட வேண்டும். தூதரக அணுகல் எனப்படும் இந்த உரிமை பெரிது. ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியக் குடிமகன் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், 36-ஆவது பிரிவைப் பாகிஸ்தான் மீறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்து, தண்டனையை மறுஆய்வு செய்யுமாறு பணித்ததே தவிர, அவரை விடுவிக்க ஆணையிட மறுத்துவிட்டது. சட்டத்தில் வெல்வதும் சிறைக்கதவு திறப்பதும் வேறுவேறு என்பதற்கு இத்தீர்ப்பே சான்று.

நாசனீனுக்கோ அந்தத் தொடக்க நிலை உரிமையும் கிட்டவில்லை. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத ஈரான் அவரைத் தன் குடிமகளாக மட்டுமே கருதி, பிரிட்டன் தூதரகத்துக்கு அவரிடம் எந்த உரிமையும் இல்லை என்றது. இரு நாடுகளின் குடியுரிமையையும் பெற்ற ஒருவருக்காக அவற்றுள் ஒரு நாடு மற்றதன்மீது உரிமை கோர முடியாது என்னும் பழைய விதி, 1930-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றது. இலங்கைக் குடியுரிமையுடன் மேலைநாட்டுக் குடியுரிமையும் வைத்திருக்கும் புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் இவ்விதி அந்நியமான செய்தி அன்று. ஒருவருக்கு எந்த நாட்டுடன் பிணைப்பு மிகுதியோ அந்த நாடு அவருக்காக வாதாடலாம் என்ற கருத்து இன்று வலுப்பெற்றுவருகிறது. எனினும் சிறைக்காவலர் அதை ஏற்கும்வரை அது ஏட்டில் உள்ள கருத்தாகவே இருக்கிறது.

இந்நிலையில், பொதுவெளியில் பேசினால் நிலைமை மோசமாகும், பேச்சுவார்த்தை ஓசையின்றி நடக்கட்டும் என்ற அறிவுரையே குடும்பங்களுக்கு முதலில் கிடைக்கிறது. நாசனீனின் கணவர் ரிச்சர்ட் ராட்கிளிஃப் மாற்றுவழியைத் தேர்ந்தார். அவர் தொடங்கிய மனுவில் பல லட்சம் பேர் கையெழுத்திட்டனர். அவருடைய தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் டியூலிப் சித்தீக் அவையில் இடைவிடாது குரல் எழுப்பினார். 2019-இல் லண்டனிலுள்ள ஈரான் தூதரகத்தின் முன்னும், 2021-இல் பிரிட்டன் வெளியுறவு அமைச்சகத்தின் முன்னும் ரிச்சர்ட் உண்ணாவிரதம் இருந்தார். இரண்டாவது போராட்டம் 21 நாட்கள் நீடித்தது. சொந்த அரசின் வாசலிலேயே ஒருவர் பட்டினி கிடக்க நேர்ந்தது, தடை இருந்த இடம் தெஹ்ரான் மட்டுமன்று என்பதை நாட்டு மக்களுக்கு உணர்த்தியது.

குடும்பம் சொல்லைக் கவனமாகக் கையாள, அரசு தடுமாறியதும் உண்டு. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சன், நாசனீன் ஈரானில் இதழியல் கற்பித்துக்கொண்டிருந்தார் என்று 2017 நவம்பர் 1 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார். அவர் சென்றது குடும்பத்தாரைக் காண்பதற்கே என்பதால் இக்கூற்று தவறானது; எனினும் அடுத்த சில நாட்களிலேயே நாசனீன் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, அந்தச் சொற்களே அவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்டன. ஜான்சனுக்குப் பின் வந்த ஜெரிமி ஹண்ட், 2019 மார்ச்சில் நாசனீனுக்கு இராஜதந்திரப் பாதுகாப்பு வழங்கினார். தனியொருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அரசு தனக்கே இழைக்கப்பட்டதாக ஏற்று, இரு நாடுகளுக்கிடையிலான வழக்காக மாற்றுவதே இப்பாதுகாப்பு. மிக அரிதாகவே கையாளப்படும் இந்த முடிவும் சிறைக்கதவைத் திறக்கவில்லை.

அதைத் திறக்கும் சாவி வேறோர் இடத்தில் இருந்தது. 1970-களில் ஈரானின் மன்னர் ஷா, 1,500-க்கும் மேற்பட்ட சீஃப்டன் டாங்கிகளுக்காகப் பிரிட்டனுக்கு முன்பணம் செலுத்தியிருந்தார். 1979-இல் புரட்சி வெடித்து அவர் ஆட்சி வீழ்ந்ததும் பிரிட்டன் எஞ்சிய டாங்கிகளை அனுப்பவில்லை; பணத்தையும் திருப்பித் தரவில்லை. நடுவர் தீர்ப்புகள் ஈரானுக்குச் சாதகமாகவே அமைந்தன. கடன் உண்டு என்பதைப் பிரிட்டன் அமைச்சர்களும் பின்னாளில் ஒப்புக்கொண்டனர். இக்கடனே சிறைவாசத்துக்குக் காரணம் என்று நாசனீனின் குடும்பத்தார் தொடர்ந்து சொல்லிவந்தபோதும், இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதே அரசின் நிலைப்பாடாக இருந்தது. இதற்கிடையே 2021 மார்ச்சில் முதல் தண்டனைக்காலம் முடிந்தும், 2009-இல் லண்டனில் நடந்த ஆர்ப்பாட்டம் ஒன்றில் பங்கேற்றார் என்ற காரணத்துக்காக மேலும் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. இறுதியில் 2022 மார்ச்சில் 39.38 கோடி பவுண்டு செலுத்தப்பட்டது. மார்ச் 16 அன்று நாசனீனும், அவரைப் போலவே சிறைப்பட்டிருந்த அனூஷே அஷூரியும் ஓமான் வழியாக நாடு திரும்பப் புறப்பட்டனர். நாசனீன் சிறைப்பட்ட காலத்தில் பிரிட்டன் ஐந்து வெளியுறவு அமைச்சர்களைக் கண்டிருந்தது.

பணம் கொடுத்து மீட்டால் மேலும் பலர் பிடிக்கப்படுவர் என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அப்பாவிகளைப் பிடித்துவைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தும் அரசுகளுக்கு ஒவ்வொரு பேரமும் ஊக்கமளிக்கவே செய்யும். ஆனால் நடுவர் தீர்ப்பின்படி தர வேண்டிய கடன் பணயத்தொகை ஆகாது. தீர்ப்பு வந்தபோதே கொடுத்திருந்தால் அது நீதியாக மட்டும் இருந்திருக்கும். ஓர் உயிரைப் பிணையாக வைத்த பின்னர் கொடுத்ததால், மிரட்டலுக்குக் கிடைத்த விலைபோல அது தோன்றிவிட்டது. மேலும், நாசனீன் விடுதலையான அன்று பரோலில் விடப்பட்ட மற்றொரு பிரிட்டன் குடிமகன் மொராத் தஹ்பாஸ் மீண்டும் பிடிக்கப்பட்டு, 2023 செப்டம்பரில் அமெரிக்கா செய்துகொண்ட தனி உடன்பாட்டின் மூலமே வெளியேறினார். அரசின் விருப்பத்தைப் பொறுத்து மீட்பு நிகழும்பொழுது யாரேனும் விடுபட்டுப்போவர் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, விருப்பத்தின் இடத்தில் விதியை நிறுவும் முயற்சிகள் கவனத்துக்குரியவை. அமெரிக்கா 2015-இல் பணயக்கைதிகள் விவகாரத்துக்கெனச் சிறப்புத் தூதர் பதவியை உருவாக்கியது. ஒருவர் அநீதியாகத் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறாரா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல்களை 2020-இல் இயற்றப்பட்ட லெவின்சன் சட்டத்தில் எழுதிவைத்தது. அயல்நாட்டவரைப் பேரப்பொருளாக்குவதைக் கண்டிக்கும் அறிவிப்பு ஒன்று 2021 பிப்ரவரியில் கனடாவின் முன்முயற்சியில் வெளியாகி, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஒப்புதலைப் பெற்றது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவும் 2023-இல் தன் அரசின் அணுகுமுறையைக் கடுமையாக விமர்சித்து, இத்தகைய வழக்குகளுக்கெனத் தனி அதிகாரி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இவற்றின் அடிப்படை எளிது. மனித உரிமை மீறப்படும்போது தூதரக உதவி பெறுவது குடிமக்களின் சட்ட உரிமையாக வேண்டும். அமைச்சர்கள் மாறினாலும் மாறாத ஓர் அலுவலர் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உதவ மறுக்கும் அரசு அதற்கான காரணத்தை எழுத்தில் தந்து, நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். வரியையும் வாக்கையும் கீழ்ப்படிதலையும் குடிமக்களிடம் உரிமையோடு கேட்டுப்பெறும் அரசு, அயல்நாட்டுச் சிறையில் அவர்கள் கேட்கும் உதவியை மட்டும் கருணையாகக் கருதுவது நியாயமன்று. உண்ணாவிரதம் இருக்க வலுவுள்ள கணவரும் விடாது குரல்கொடுக்கும் உறுப்பினரும் வாய்க்காத கைதிக்கும் அதே மீட்பு முயற்சியை உறுதிசெய்யக்கூடியது சட்டம் ஒன்றுதான்.