வட்டைப் பிரித்தால் மாணவர் கோப்புகள் நிலைக்கும்

கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் இயக்க அமைப்பை மீண்டும் நிறுவ வேண்டி வந்தால், "எங்கள் செய்முறைக் கோப்புகள் என்னவாகும், ஐயா?" என்றுதான் மாணவர்கள் முதலில் கேட்பார்கள். வன்வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதில்தான் அதற்கான விடை இருக்கிறது.

பார்ட்டிஷன் எனப்படும் வட்டுப் பகுதியை விளக்க, வகுப்பில் நான் நோட்டுப் புத்தகத்தையே காட்டுவேன். ஒரே நோட்டை இரண்டு பாடங்களுக்குப் பிரித்து எழுதுகிறோம். ஒரு பாடத்தின் பக்கங்களை அழித்து எழுதினாலும் மற்றது அப்படியே இருக்கும்.

விண்டோஸில் பகுதிகளை சி, டி என்ற எழுத்துகளால் அறிகிறோம். லினக்ஸில் முழு வட்டின் பெயர் பெரும்பாலும் எஸ்டிஏ. அதன் பகுதிகள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என வரும். எல்லாக் கோப்புறைகளும் '/' என்ற ரூட்டிலிருந்து கிளைக்கும் ஒரே மரம். ஒரு பகுதியை அம்மரத்தின் ஒரு கோப்புறையில் பொருத்துவதே மவுண்ட்.

500 ஜிபி வட்டை நான் இவ்வாறு பிரிக்கிறேன்:

1. கணினி தொடங்குவதற்கான இஎஃப்ஐ பகுதி – 512 எம்பி
2. இயக்க அமைப்புக்கான ரூட் – 60 ஜிபி
3. நினைவகத்துக்குத் துணையாகும் ஸ்வாப் – 4 ஜிபி
4. மாணவர் கோப்புகளுக்கான ஹோம் – மீதி முழுவதும்

மீண்டும் நிறுவும்போது, வட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவை விட்டுவிட்டு, பகுதிகளை நாமே அமைக்கும் தெரிவுக்குச் செல்ல வேண்டும். ரூட் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்யலாம். பழைய ஹோம் பகுதியை '/ஹோம்' என்ற இடத்தில் பொருத்தி, அதன் ஃபார்மட் கட்டத்தில் குறியிடாமல் விட வேண்டும். கோப்புகள் தப்புவது இந்த ஒரு கட்டத்தால்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோப்பின் உரிமையாளரை லினக்ஸ் பெயரால் அல்ல, எண்ணால் குறித்துக்கொள்கிறது. உபுண்டுவில் முதல் பயனர் 1000, அடுத்தவர் 1001. எனவே பயனர் கணக்குகளைப் பழைய பெயர்களிலும் பழைய வரிசையிலும் உருவாக்குங்கள். வரிசை மாறினால் கோப்பு இருந்தும் மாணவரால் அதைத் திருத்த முடியாமல் போகலாம்.

பகுதிகளின் பட்டியலைக் காண, டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளை போதும். அது தகவலைக் காட்டுமே தவிர எதையும் மாற்றாது. மாணவர்களே அச்சமின்றிச் செய்து பார்க்கலாம்.

ஆனால் பிரித்து வைப்பது நகல் எடுப்பதாகாது. வட்டே பழுதானால் எல்லாப் பகுதிகளும் சேர்ந்தே போய்விடும். ஆகவே, நிறுவலைத் தொடங்கும் முன் ஹோம் பகுதியை வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, இரண்டு கோப்புகளைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள்.