டிராக்டர் லிப்ட் தூக்கவில்லையா? பம்பைக் கழற்றுமுன் கவனியுங்கள்

சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நேரத்தில் பழைய டிராக்டரின் லிப்ட் தூக்காமல் போவது பல விவசாயிகள் கண்ட தொல்லை. கலப்பையைத் தூக்க முடியாவிட்டால் வரப்பைத் தாண்ட முடியாது; வயலில் திரும்பவும் முடியாது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். இந்த அவசரத்தில் "பம்பு போய்விட்டது" என்று முடிவு கட்டிப் புதுப் பம்பு மாட்டிவிடுவது உண்டு. அதன் பிறகும் லிப்ட் தூக்காவிட்டால் பணமும் வீண், பருவமும் வீண். செலவில்லாத சோதனையில் தொடங்கிப் படிப்படியாகச் செல்வதே முறை.

எண்ணெய்

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கிவிட்டு, அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும், எண்ணெய் நுரைக்கும், பம்பு இரையும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். சேற்றுழவின்போது தேய்ந்த அச்சு சீல் வழியாகத் தண்ணீர் புகக்கூடும். அந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, சீலையும் மாற்றிய பிறகே, கையேட்டில் சொல்லியுள்ள வகை எண்ணெயை ஊற்ற வேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயுடன் ஓட்டினால் நல்ல பம்பும் துருப்பிடித்துத் தேய்ந்துவிடும்.

லீவர்கள்

மாஸி பெர்குசன் 1035 போன்ற டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டு. பி.டி.ஓ. லீவர் நடுநிலையில் இருந்தால் பம்பே ஓடாது. தரை வேகத்திற்கான நிலையில் இருந்தால் டிராக்டர் நகரும்போது மட்டுமே ஓடும். டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் அனுப்பும் வால்வு இருந்தால், அது டிரெய்லர் பக்கம் திருப்பப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். லீவர்களை இணைக்கும் கம்பி, ஊசி கழன்றிருந்தாலும் லிப்ட் அசையாது.

தூக்கிப் பார்க்கும் சோதனை

முதலில் கருவி இல்லாமல் லிப்ட் கைகளை உயர்த்திப் பாருங்கள். வெறும் கைகள் உயர்ந்து, கலப்பையை மாட்டினால் உயராவிட்டால், அழுத்தம் போதவில்லை. சல்லடை வடிகட்டி அடைப்பு, பாதுகாப்பு வால்வின் பலவீனம், பம்பின் தேய்மானம், உட்கசிவு ஆகியவற்றில் ஏதேனும் காரணமாக இருக்கலாம். வடிகட்டி உள்ள டிராக்டரில் அதை முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து, கலப்பையை உயர்த்தி, லீவரைத் தொடாமல் எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை விரைவில் இறங்கினால் சிலிண்டரின் பிஸ்டன் வளையம், சீல் அல்லது வால்வில் கசிவு உள்ளது. எஞ்சின் ஓடும்போது உயர்ந்த கலப்பை விட்டுவிட்டுத் துள்ளுவதும் இதே கசிவின் அடையாளமே. இறங்கிய எண்ணெயைப் பம்பு மீண்டும் மீண்டும் ஈடு செய்வதால் இப்படித் துள்ளுகிறது. இத்தகைய நிலையில் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இவற்றிற்குப் பிறகும் கோளாறு தெரியாவிட்டால், அழுத்தமானி வைத்துள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பம்பின் அழுத்தத்தை அளந்து பார்த்து, குறைவு உறுதியான பிறகே அதைக் கழற்றச் சம்மதியுங்கள். தூக்கும் சக்தி கூடும் என்று எண்ணிப் பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்கை இறுக்குவது கூடாது. குழாய் வெடிக்கவும் சிலிண்டர் உடையவும் இடமுண்டு.

எச்சரிக்கை

லிப்டை மட்டும் நம்பி, உயர்த்திய கருவியின் கீழே யாரும் குனியக் கூடாது. பழுது பார்க்குமுன் கருவியை இறக்கி, எஞ்சினை நிறுத்த வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்துடன் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் உள்ள சேற்றைத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு சேற்றுழவுப் பருவம் முடிந்ததும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். இவ்விரு பழக்கங்களால் பழைய டிராக்டரின் லிப்ட் பல்லாண்டு உழைக்கும். உழவும் தடையின்றி நடக்கும்.